மூணாவது வரி

தம்பி: ...இல்ல அண்ணி, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேன்.

அண்ணி: பேச்சுக்குக் கேக்குறவர் மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டியா இறங்கி வருவாரு? சத்தம் கேட்டுச்சே.

தம்பி: மாடியில ஒரே புழுக்கம். ஃபேன் ஓடலை. அண்ணன்தான் சுவிட்ச்சுல டேப் ஒட்டி, 'ரிப்பேர், தொடாதே'ன்னு எழுதி வச்சிருக்காரே.

அண்ணி: ஆமா. தினமும் விடிஞ்சதும் ஃபேன் பாக்குறேன்னு மாடிக்குப் போறாரு. காப்பி ஆறிப்போன பிறகுதான் இறங்குறாரு. ஃபேன் மட்டும் போட்டது போட்டபடி தொங்குது. சரி, என்னமோ கேட்டீங்களே.

தம்பி: முதல்ல கண்ணு எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க.

அண்ணி: மருந்து விட்டுக் கண்மணியை விரிச்சு விட்டிருக்காங்க. எல்லாம் மசமசன்னு இருக்கு. உங்க முகம் வெள்ளைக் கடுதாசியைக் கசக்கி வச்ச மாதிரி தெரியுது. சாயங்காலம் வரைக்கும் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாதாம். அதுக்குத்தான் இந்தக் கறுப்புக் கண்ணாடி.

தம்பி: நல்லதாப் போச்சு.

அண்ணி: என்னது?

தம்பி: நல்ல டாக்டர்னு சொன்னேன்.

அண்ணி: ம்... சொல்லுங்க.

தம்பி: எனக்கு ஒரு நண்பர் இருக்காரு. வேற கம்பெனி. அவங்களும் நம்மள மாதிரியே... டயாலிசிஸ் சென்டருக்கு முறை போட்டுக் குடுக்கிற சாஃப்ட்வேர்தான். யாருக்கு எந்த நாற்காலி, எந்த நேரம்...

அண்ணி: அப்படியே நம்மளை மாதிரியா?

தம்பி: அப்படியே.

அண்ணி: மாடி ரூமுல மூணே பேர்தானா? புரோகிராம் எழுத ஒரு அண்ணி, வாடிக்கைக்காரங்ககிட்டப் பேசி சட்டம் போட ஒரு கொழுந்தன், கேபிள் இழுக்க அண்ணியோட வீட்டுக்காரர்...

தம்பி: அண்ணி, கிண்டல் பண்ற நேரமா இது?

அண்ணி: பேச்சுக்குக் கேக்குறதுதானே? நேரம் என்ன நேரம்?

தம்பி: சரி சரி. அந்த நண்பர்... சென்டர்ல ஸ்க்ரீன் மெதுவா வருதுன்னு புகார் பண்ணியிருக்காங்க. பழைய முறையெல்லாம் குப்பையாச் சேர்ந்து கிடக்குறதால. அதைத் துடைச்சுவிடலாம்னு ரெண்டு வரியை ஓட்டியிருக்காரு. அதுல தேதி போடற இடத்துல வருஷம் கொஞ்சம்... மாறிப்போச்சு.

அண்ணி: கொஞ்சம்னா?

தம்பி: ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதியைப் போடறதுக்குப் பதிலா அடுத்த வருஷத்தைப் போட்டுட்டாரு.

அண்ணி: அடுத்த வருஷத்துக்கு முன்னாடி இருக்கிறதை எல்லாம் துடைன்னு சொன்னா... தம்பி, நேத்தும் போச்சு, இன்னைக்கும் போச்சு, நாளைக்கும் போச்சு. மிச்சம் என்ன இருக்கும்?

தம்பி: அதான் கேக்குறேன். மிச்சம் ஏதாச்சும் இருக்குமா?

அண்ணி: உங்க நண்பருக்கு மூளை இருந்தா இருக்கும். எங்க இருந்து எடுத்தாராம் அந்த வரிகளை?

தம்பி: எங்கயோ இன்டர்நெட்ல.

அண்ணி: யாரோ எழுதினதை அப்படியே எடுத்து ஒட்டினாரா?

தம்பி: அப்படியே இல்ல. மேல குறிப்பு இருந்துச்சாம். 'இரண்டு வருடத்துக்கு முந்தினதை மட்டும் எடுக்கவும். பாட்டு டீச்சரோட ரிப்போர்ட்டுக்கு அதுவரை தேவைப்படுது'ன்னு...

அண்ணி: பாட்டு டீச்சர், இன்டர்நெட்லயா இருக்காங்க? சென்டர்ல ஜன்னல் ஓர நாற்காலிதான் வேணும்னு அடம் பிடிக்கிற பாட்டு டீச்சரா?

தம்பி: அண்ணி...

அண்ணி: உக்காருங்க முதல்ல. இந்த ஸ்டூல்ல. உங்களுக்கு நண்பரே கிடையாது. இருந்திருந்தா போன மாசம் உங்க பிறந்தநாளுக்கு யாராவது ஒருத்தர் போன் பண்ணியிருப்பாங்க.

தம்பி: அதை ஏன் இப்ப இழுக்குறீங்க?

அண்ணி: துடைச்சது நீங்கதானே?

தம்பி: ஆமா.

அண்ணி: நம்ம சென்டர் லிஸ்ட்டையா?

தம்பி: ஆமா அண்ணி. காலையில இருந்து அடுத்த வருஷ ஒப்பந்தத்தை டைப் அடிச்சுட்டே இருந்தேன். கை அதே வருஷத்துல பழகிப்போச்சு. அப்படியே வந்து விழுந்துடுச்சு. தட்டின உடனே பார்த்தா ஸ்க்ரீன் வெள்ளையா... ஒரு பேரு இல்ல. ஒரே ஒரு பேரு இல்ல.

அண்ணி: ஐயோ... நேத்து ராத்திரி எடுத்த பேக்கப் இருக்கு. ஆனா...

தம்பி: ஆனா இன்னைக்குக் காலையில ஒரு மெஷின் ரிப்பேராகி, அங்க இருக்கிற நர்ஸ் சிஸ்டர் எல்லாரையும் மாத்திப் போட்டாங்களே. அதெல்லாம் பேக்கப்ல இருக்காதுல்ல?

அண்ணி: எப்படி இருக்கும்? அந்தம்மா ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, கெஞ்சி, கொஞ்சி, இவரைக் காலைக்கும் அவரை மதியத்துக்கும் மாத்தி, நேரா கம்ப்யூட்டர்லதான் அடிச்சாங்க. பேப்பர்ல ஒண்ணும் எழுதலைன்னு எங்கிட்டயே பெருமையாச் சொன்னாங்க. 'உங்க சாஃப்ட்வேரை நம்பித்தான்'னு.

தம்பி: அதைச் சொல்லாதீங்க அண்ணி.

அண்ணி: விடிஞ்சா முதல் முறைக்கு ஆளுங்க வந்து நிப்பாங்க. லிஸ்ட்டுல இருக்கிற அந்த பஸ் கண்டக்டர் ஒரு முறை தள்ளிப்போனாலே கால் வீங்கி மூச்சு வாங்குதுன்னு படுத்துடறவரு. இருக்கிற நாற்காலிக்கு ரெண்டு பேர் வந்து நின்னா யாரைத் திருப்பி அனுப்புவாங்க?

தம்பி: எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் ஓடி வந்தேன்.

அண்ணி: ஓடி வந்து நண்பர் கதை சொன்னீங்களே! அதுல எவ்வளவு நேரம் போச்சு!

தம்பி: பயம் அண்ணி. போன வாரம்தானே உங்களை உக்காரவச்சு அவ்வளவு பேசினேன்.

அண்ணி: 'பார்த்து ஒட்டுறது பரீட்சையில காப்பி அடிக்கிற மாதிரி, அண்ணி. யோசிச்சு எழுதினா கை தானா நிதானிக்கும்.' அப்படியே நெஞ்சுல இருக்கு.

தம்பி: நீங்களும்தான் வாங்கிக்கட்டிக்கிற மாதிரி பண்ணுனீங்க. எல்லா நோயாளிக்கும் 'அன்புள்ள இங்கே பேரைப் போடவும் அவர்களுக்கு'ன்னு மெசேஜ் போச்சே! அந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் எனக்குப் போன் பண்ணி, 'தம்பி, என் பேரு அது இல்லப்பா'ன்னாரு.

அண்ணி: ஒரு தரம் மறந்துட்டேன். அதுக்காக நான் இத்தனை வருஷமாச் சேர்த்து வச்ச கைமருந்துக் குறிப்பையே தூக்கிப் போடச் சொல்லுவாங்களா? எந்தக் கோளாறுக்கு எந்த வரி, எப்போ போடலாம், எப்போ போடக் கூடாது... ஒவ்வொண்ணும் பட்டுப் பட்டு எழுதினது.

தம்பி: நீங்கதான் 'சரி தம்பி, எடுத்துடறேன்'னீங்க.

அண்ணி: ஆமா... எடுத்துட்டேன்.

தம்பி: எடுத்துட்டீங்களா?

அண்ணி: ...அது இருக்கட்டும். இப்ப அதுவா முக்கியம்? நீங்க ஓட்டின வரி எது எது, வரிசையாச் சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க.

தம்பி: முதல் வரி, ஆரம்பிக்கச் சொல்லுது. அடுத்த வரி, இந்தத் தேதிக்கு முன்னாடி இருக்கிறதை டெலீட் பண்ணுன்னு... இருங்க, போன் அடிக்குது. சென்டர். செத்தேன்.

அண்ணி: எடுங்க. குரல் நடுங்காம பேசுங்க.

தம்பி: ஹலோ... சொல்லுங்க சிஸ்டர்... ஆங்... என்னது... சுத்துதா?... எவ்வளவு நேரமா?... இல்ல இல்ல, நீங்க எதையும் தொட வேண்டாம்... அண்ணிக்குக் கண்ணுல மருந்து... ஆமா, பார்த்துட்டுத்தான் இருக்கோம்... ஒரு பத்து நிமிஷம் சிஸ்டர்... சரிங்க.

அண்ணி: என்ன சொன்னாங்க?

தம்பி: முடிஞ்சுது அண்ணி. கண்டக்டரோட நேரத்தை மாத்தி சேமிக்கப் போனாங்களாம். நடுவுல ஒரு வட்டம் வந்து சுத்துதாம். நிக்கவே இல்லையாம். எல்லாம் போனதாலதானே சுத்துது?

அண்ணி: சுத்துதா? 'இல்லை'ன்னு வரலையா? 'அப்படி ஒருத்தர் பேரே கிடையாது'ன்னு செவப்பா ஒண்ணு வருமே, அது வரலையா?

தம்பி: வரலை. சுத்துதுன்னுதான் சொன்னாங்க.

அண்ணி: திரும்பக் கூப்பிடுங்க. இன்னும் சுத்துதான்னு கேளுங்க.

தம்பி: எதுக்கு, அவங்க வாயால இன்னொரு தரம் கேக்கணுமா?

அண்ணி: கூப்பிடுங்க தம்பி!

தம்பி: ...சிஸ்டர், நான்தான். இன்னும் சுத்துதா?... அப்படியா... கண்டக்டர் பேரு மேல தெரியுதா?... தெரியுதா! சரி சரி, அப்படியே விடுங்க. வச்சுடறேன்... அண்ணி, சுத்துதாம். பேரும் தெரியுதாம். ஏன் சிரிக்கிறீங்க? அண்ணி? பயமா இருக்கு, சிரிக்காதீங்க.

அண்ணி: சுத்தட்டும்! நல்லாச் சுத்தட்டும்! சுத்துற வரைக்கும் நமக்கு உயிர் இருக்கு.

தம்பி: புரியிற மாதிரி சொல்லுங்க.

அண்ணி: நீங்க கடைசி வரியை ஓட்டலைல்ல? கமிட்?

தம்பி: கமிட்டா? நான் ஓட்டினது ரெண்டே வரி.

அண்ணி: அப்படின்னா இன்னும் ஒண்ணும் போகலை. ஒரு பத்திரம் எழுதறோம்னு வைங்க. 'வீட்டைக் குடுத்துட்டேன்'னு முழுசா எழுதியாச்சு. ஆனா கையெழுத்துப் போடலை. வீடு யாரோடது?

தம்பி: நம்மளோடதுதான்.

அண்ணி: அதேதான். கமிட்தான் கையெழுத்து. அது விழாத வரைக்கும் உங்க ஸ்க்ரீன்ல மட்டும்தான் காலியாத் தெரியும். மத்தவங்களுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். நீங்க பேனாவைத் தூக்கிப் பிடிச்சுட்டே நிக்கிறதால, அந்தம்மா எழுத வந்தா 'கொஞ்சம் பொறும்மா'ன்னு சர்வர் நிக்க வைக்குது. அந்தக் காத்திருப்புதான் வட்டம்.

தம்பி: அப்போ... எல்லாம் இருக்கா?

அண்ணி: இருக்கு.

தம்பி: பாட்டு டீச்சர்?

அண்ணி: ஜன்னல் ஓரமாவே இருக்காங்க.

தம்பி: அண்ணி, உங்க கையைக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்.

அண்ணி: என் கண்ணே இன்னைக்கு ரிப்பேர், நீங்க வேற. எழுந்திருங்க. மேல போய் ரோல்பேக் குடுத்து, அதாவது எழுதினதை வேண்டாம்னு சொல்லி, அந்தப் பேனாவைக் கீழே வைக்கணும். ஸ்க்ரீன்ல அந்த ஜன்னலைத் திறந்தே வச்சுட்டுத்தானே வந்தீங்க?

தம்பி: இல்ல... மூடப் போனேன்.

அண்ணி: மூடிட்டீங்களா?

தம்பி: மூடப் போனேன். அண்ணன் படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு. அவருக்குத் தெரிய வேண்டாம்னு மூலையில பெருக்கல் குறியை அமுக்கினேன். அது மூடாம ஒரு கேள்வி கேட்டுச்சு.

அண்ணி: என்ன கேள்வி?

தம்பி: படிக்கலை. அண்ணன் உள்ள வந்துட்டாரு. அப்படியே எழுந்து ஓடி வந்துட்டேன்.

அண்ணி: தம்பி... 'முடிக்காத மாற்றம் இருக்கு, உறுதி பண்ணவா'ன்னுதான் அது கேக்கும். ஆமான்னா கமிட்.

தம்பி: ஐயோ.

அண்ணி: அந்த 'ஆமா' ஏற்கெனவே நீலமாத்தான் நிக்கும். என்டரைத் தட்டினா போதும். இப்ப அந்த மெஷின் முன்னாடி யாரு இருக்கா?

தம்பி: பிரிண்ட் எடுக்கணும்னு அண்ணன்தான்...

அண்ணி: என்னங்க! ஏங்க! மாடியில இருக்கீங்களா?

அண்ணன்: என்னம்மா? எதுக்கு இந்தக் கத்து கத்துறே?

அண்ணி: கையை எடுங்க! எதையும் தொடாதீங்க!

அண்ணன்: எதைத் தொடக் கூடாது? நான் பேப்பர் கட்டைத்தான் வச்சேன்.

தம்பி: எங்கண்ணே வச்சே? கீபோர்டு மேலயா?

அண்ணன்: பக்கத்துலதாண்டா. கீபோர்டு மேல வைக்க நான் என்ன உன்னை மாதிரியா? காப்பித் தம்ளரை அதுக்கு மேல வச்சிருக்கே நீ.

அண்ணி: தம்ளரா! அதை அசைக்காதீங்க! அப்படியே நில்லுங்க. ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க.

அண்ணன்: நடுவுல ஒரு பெட்டி நிக்குது. கேள்வி கேக்குது.

அண்ணி: கீழ என்ன இருக்கு?

அண்ணன்: ஆமா. இல்லை. ரத்து. 'ஆமா' நீலமா இருக்கு.

தம்பி: 'ஆமா'வைத் தொட்டுடாதேண்ணே! நான் இதோ வந்துட்டேன்!

அண்ணி: நீங்க ஓடாதீங்க தம்பி. இந்தப் பதட்டத்துல நீங்க போய் இடிச்சாலே போதும். ஏங்க, மவுஸை மட்டும் மெதுவா எடுத்து 'இல்லை'க்கு நகர்த்துங்க.

அண்ணன்: 'இல்லை'யா? நல்லா யோசிச்சுச் சொல்லு. இல்லைன்னா இல்லாம போயிடாதே?

அண்ணி: போகாது. துடைச்சது வேண்டாம்னு அர்த்தம். அமுக்குங்க.

அண்ணன்: ரெண்டு பேரும் முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க.

அண்ணி: தண்ணி அப்புறம் குடிக்கிறோம். அமுக்குனீங்களா?

அண்ணன்: ...அமுக்கிட்டேன். பெட்டி போயிடுச்சு. ஜன்னலும் மூடிக்கிச்சு. சிஸ்டருக்குச் சுத்தறது நின்னுச்சான்னு கேளுங்க.

அண்ணி: சுத்தறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணன்: நீங்க போட்ட கூச்சல்ல தெருமுனை இஸ்திரிக்காரருக்கே தெரிஞ்சிருக்கும்.

தம்பி: சிஸ்டரே கூப்பிடறாங்க... ஹலோ... சேமிச்சுதா!... கண்டக்டர் மதியத்துக்கு மாறிட்டாரா... மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தரம் பார்த்துடுங்க சிஸ்டர்... எல்லாரும் இருக்காங்களா... நாளைக்கும்?... டீச்சர் ஜன்னல் ஓரத்துலயேவா... ஆமா ஆமா, சின்ன அடைப்புதான், எடுத்துவிட்டாச்சு... நன்றி சிஸ்டர்... ரொம்ப நன்றி... இல்ல, நான் அழலை, சளி.

அண்ணி: சரியாப்போச்சா?

தம்பி: ஒரு பேர் குறையலை அண்ணி. ஒரு பேர் குறையலை.

அண்ணி: அப்பாடா...

தம்பி: கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நானும் உக்காந்துக்கறேன்.

அண்ணி: அந்தத் துண்டை எடுத்து முகத்தைத் துடைங்க. என் மசமசப் பார்வைக்கே உங்க சட்டை நனைஞ்சது தெரியுது.

தம்பி: இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன். புரோகிராம் உங்க வேலை, பேசுறது என் வேலை.

அண்ணி: பேசுறதையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம். சரி... இப்ப நிதானமாச் சொல்லுங்க. என் கைமருந்து உங்களுக்கு எங்க கிடைச்சுது?

தம்பி: நீங்க முதல்ல சொல்லுங்க. அதை எடுத்துட்டேன்னு சொன்னீங்களே, எங்க எடுத்து வச்சீங்க?

அண்ணி: யாருமே திறக்காத இடம் ஒண்ணுல.

தம்பி: கம்ப்யூட்டர்ல 'அலுவலக ஒழுங்கு விதிகள்'ங்கிற ஃபைல்ல. பன்னிரண்டாவது விதிக்குக் கீழே.

அண்ணி: அதை யாராவது படிப்பாங்கன்னு எனக்குத் தெரியுமா?

தம்பி: நான் எழுதின விதிகளை நான் படிக்க மாட்டேனா?

அண்ணி: 'காப்பி குடித்த தம்ளரைக் கணினியருகே வைத்தல் கூடாது'ன்னு எழுதின மனுஷனோட தம்ளர் கீபோர்டு மேல இருக்கு. படிச்சவர் மாதிரியா இருக்கு?

தம்பி: படிக்கப் போகலை. புதுசா ஒரு விதி சேர்க்கப் போனேன். 'அனுமதியின்றி சுவிட்ச்சுகளில் டேப் ஒட்டக் கூடாது'ன்னு. அண்ணனுக்காகத்தான். வெந்து செத்துட்டிருக்கேன்ல மேல? பன்னிரண்டாவது விதிக்கும் கீழே போய்ப் பார்த்தா உங்க கைமருந்து முழுசா உக்காந்திருக்கு. வந்த கோபத்துக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கணும்.

அண்ணி: கூப்பிடலையே?

தம்பி: படிச்சுட்டேன். ஒண்ணு படிச்சேன், அடுத்தது படிச்சேன். நல்லா இருந்துச்சு அண்ணி. 'இதைப் போடும் முன் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை', 'இது வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டம் அதிகம்'... நீங்க பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே இருந்துச்சு. நாமளும் ஒண்ணு செஞ்சு பாக்கலாமேன்னு தோணிப்போச்சு.

அண்ணி: காப்பி அடிச்சீங்க.

தம்பி: அடிச்சேன்.

அண்ணி: அதையும் வருஷத்தை மாத்தி அடிச்சீங்க.

தம்பி: போதும் அண்ணி. கைமருந்து இருக்கட்டும். பழைய இடத்துலயே, பழைய பேர்லயே வைங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

அண்ணி: எழுதிக் குடுப்பீங்களா?

தம்பி: பதிமூணாவது விதியாப் போட்டுடறேன். ஆனா ஒண்ணு, அண்ணனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். நான் துடைச்சதும் வேண்டாம், நீங்க ஒளிச்சதும் வேண்டாம்.

அண்ணி: அவருக்குச் சொன்னாலும் என்ன புரியப் போகுது? 'எனக்கு ஸ்க்ரூ டிரைவர் தெரியும், கேபிள் தெரியும், அதுக்கு மேல கேக்காதே'ன்னுதான் சொல்லுவாரு... தம்பி, ஒண்ணு மட்டும் உறுத்துது.

தம்பி: என்ன?

அண்ணி: நீங்க ஏன் ரெண்டு வரியோட நிறுத்துனீங்க?

தம்பி: அங்க ரெண்டு வரிதானே இருந்துச்சு.

அண்ணி: நான் மூணு எழுதினேன். ஆரம்பி, துடை, கமிட். மூணும் ஒட்டினாப்பல, ஒரே மூச்சுல ஓடற மாதிரி. அவசரத்துக்கு உதவுறதுதானே கைமருந்து?

தம்பி: இல்ல அண்ணி. ரெண்டு வரி. அப்புறம் நிறைய வெத்திடம். அதுக்கும் கீழ எங்கயோ ஒரு வரி. நான் அதுவரைக்கும் போகவே இல்லை.

அண்ணி: நல்லாப் பார்த்தீங்களா?

தம்பி: என் கண்ணுல யாரும் மருந்து விடலையே.

அண்ணி: நான் எழுதின மாதிரியே இருந்திருந்தா... நீங்க மூணையும் சேர்த்து எடுத்து ஒட்டியிருப்பீங்க.

தம்பி: ஒட்டியிருப்பேன்.

அண்ணி: தட்டின உடனே...

தம்பி: வேண்டாம் அண்ணி. நினைக்கவே வேண்டாம்.

அண்ணி: அப்போ பிரிச்சு வச்சது யாரு? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான் பிரிக்கலை.

தம்பி: வெத்திடத்துக்கு நடுவுல ஒரு குறிப்புகூட இருந்துச்சே. அது நீங்க எழுதினது இல்லையா? நான்கூட, என்னடா அண்ணி இப்படியெல்லாம் எழுத மாட்டாங்களேன்னு நினைச்சேன்.

அண்ணி: என்ன குறிப்பு?

தம்பி: 'இங்கே நில். எத்தனை பேர் போயிருக்காங்கன்னு எண்ணிப் பார். முதல்ல ஒரு வாய் தண்ணி குடி. அப்புறம் கீழே இருக்கிற வரிக்கு இறங்கு.'

அண்ணி: ...என்ன குடி?

தம்பி: ஒரு வாய் தண்... அண்ணி!

அண்ணி: ஏங்க! கொஞ்சம் கீழே வாங்க!

அண்ணன்: வந்துட்டேம்மா, ஏன் மறுபடியும் கத்துறே? இந்தா, ரெண்டு பேருக்கும் சொம்புல தண்ணி. எத்தனை தரம் சொல்றது?

அண்ணி: தண்ணியை அங்க வைங்க. ஒழுங்கு விதிகளைப் படிச்சீங்களா?

அண்ணன்: ...எந்த விதி?

தம்பி: பன்னிரண்டாவதுக்குக் கீழே, அண்ணே.

அண்ணன்: அது... உங்க ரெண்டு பேருக்காகவும் எழுதலை. எனக்கு நானே எழுதிக்கிட்டது. இவளுக்கு மாசத்துல பாதி நாள் கண்ணு வலி. நீ பாதி நாள் வெளியூர். நடுராத்திரியில சிஸ்டர் கூப்பிட்டா யாராவது ஒருத்தராவது எடுத்துச் செய்யணுமேன்னு எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டிருக்கேன். அந்தத் துடைக்கிற வரி வந்தப்போ பயமா இருந்துச்சு. அதான் கடைசி வரியைப் பிடிச்சு என் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குத் தள்ளி வச்சேன்.

அண்ணி: எப்பங்க படிச்சீங்க? நான் ஒரு நாள்கூடப் பார்க்கலையே!

அண்ணன்: தினமும் விடிஞ்சதும்தாம்மா... டேய், அந்த டேப்பைப் பிச்சுட்டு சுவிட்ச்சைப் போட்டுக்கோ. ஃபேனுக்கு என்னைக்குமே ஒண்ணும் ஆகலை.